வரிக் கடைசியில் இருந்த எழுத்து

பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லாமல் இருப்பானா சுயம்புலிங்கம், ஒரு மனுசனுடைய உயிர்க் காரியத்தில் விளையாடுகிற ஆளா அவன்? குவாங்சோ விமான நிலையத்து வாசலில் ஃபோஷான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து அவனுக்குள்ளே ஒரு வக்கீல் இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தான். எதிர்த்துப் பேச ஒருத்தருமில்லாத கோர்ட்டில் எதற்கு இத்தனை வாதம் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. பகல் இரண்டு மணி. ஒரு மணி நேரப் பயணம். சீனப் புத்தாண்டு லீவு முடிந்து, ஊர் ஊராகப் போன சனமெல்லாம் வேலைக்குத் திரும்புகிறது. ஒவ்வொருத்தர் மடியிலும் ஊரில் கட்டிக் கொடுத்த ஏதோ ஒன்று, உப்புக் கண்டம் போட்ட வாத்து, அட்டைப்பெட்டி நிறைய ஆரஞ்சு, பேப்பரில் சுற்றின முட்டை. இவன் மடியிலும் ஒரு பை. அதில் உடன்குடிக் கருப்பட்டி, முதலூர் மஸ்கோத் அல்வா, அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய, எதிர்வீட்டுச் சந்தனமாரி இடித்துக் கொடுத்த பருப்புப் பொடி. அந்தப் பாட்டில்தான் தொடையில் குத்தியது. நகர்த்தி வைத்தான், மறுபடியும் குத்தியது. ஒன்பது வருசமாக, வருசத்துக்கு ஒரு தடவை சொந்த ஊர் ஆறுமுகநேரிக்குப் போய்விட்டு இதே பாதையில்தான் திரும்புகிறான். ஃபோஷானில் டைல்ஸ் கம்பெனிகளில் அடுக்கி வைத்த பெட்டிகளைப் பிரித்து, டைல்ஸைத் தட்டிப் பார்த்து, வளைவு பார்த்து, நிறம் பார்த்து, இந்தியாவுக்கு ஏற்றலாமா கூடாதா என்று சொல்கிற வேலை அவனுக்கு. மற்ற வருசமெல்லாம் பஸ் கிளம்புகிறதுக்கு முன்னாலேயே தூங்கிவிடுவான். இன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படி என்னதான் நடந்துவிட்டது, ஒரு தாளைப் படிக்கச் சொன்னார்கள், படித்தான், அவ்வளவுதானே. எதிர்வீட்டு இசக்கிமுத்து கப்பலில் சமையல்காரன். போன ஐப்பசியில் சீனாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், கையில் இரண்டு தாளோடு. ஒன்று இங்கிலீஷில், காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்கப்பட்டது என்று ஒரே வரி. இன்னொன்று முழுக்கச் சீனத்தில், ஒரு பக்கம் நிறைய. ஊரில் எந்த டாக்டரிடம் காட்டினாலும் அந்தச் சீனத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்களாம். நாலு மாசம் வீட்டில் இருந்தான் இசக்கி. கரையில் நின்றால் கால் கூசுகிறது என்பான், சும்மா உட்கார்ந்திருந்தால் சாகத்தான் தோன்றுகிறது என்பான், இப்போது வேறொரு கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மும்பையில் ஏறுகிறான். அதற்கு இன்றைக்குச் சாயங்காலம் ரயில். இன்றைக்குச் சாயங்காலம். சுயம்பு மணி பார்த்தான், அங்கே இப்போது பதினொன்றரை இருக்கும். அன்றைக்கு, போன வியாழக்கிழமை, இசக்கியின் பெண்டாட்டி சந்தனமாரி அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். இவன் வீட்டு முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான், அம்மா இருந்தாள், தங்கப்பழம் மாமா இருந்தார், இன்னும் தெருக்காரர்கள் நாலைந்து பேர். “அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுதியளா? அவிய போறேன் போறேன்னு நிக்காவ. எனக்குத்தான் மனசே சரியில்ல” என்றாள் சந்தனமாரி. இவன் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். “கொண்டா தாயி கொண்டா, எம் மருமவன் சீனாவையே கரைச்சுக் குடிச்சவன்லா!” அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான், அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு, அம்மாவைச் சொல்லி என்ன, அவள் என்ன செய்வாள்.

கரைத்துத்தான் குடித்தான். ஒன்பது வருசத்தில் எண்ணினால் நாற்பது வார்த்தை தேறுமா? வலது, இடது, நிறுத்து, காரம் வேண்டாம், நன்றி. பேச்சுக்கெல்லாம் லின் இருக்கிறாள், ஆபீஸில், இங்கிலீஷ் தெரிந்த பெண். அவள் பேசுவாள், இவன் தலையாட்டுவான். முதல் வருசம் படிக்கணும் என்று நோட்டு வாங்கினான், இரண்டாம் வருசமும் வாங்கினான், மூன்றாம் வருசம் நோட்டு வாங்குவதையும் விட்டாயிற்று. ஊரில் யாருக்கு இது தெரியும்? அக்கா மகள் தன் பேரைச் சீனத்தில் எழுதித் தரச் சொல்லிக் கணக்கு நோட்டை நீட்டியபோது, டைல்ஸ் பெட்டியில் தினமும் பார்க்கிற நாலு எழுத்தை அப்படியே வரைந்து கொடுத்தான். ‘நனையாமல் வைக்கவும்’ என்றோ ‘கவனம், உடையும்’ என்றோ அர்த்தம். அந்தப் பிள்ளை அதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தது. சிரிப்பாகத்தான் இருந்தது அப்போது, அம்மாகூடச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது, பஸ்ஸில் யாரும் பார்க்கிறார்களா என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறான், பார்த்தாலும் யாருக்கு என்ன தெரியப்போகிறது. சந்தனமாரி தாளை நீட்டியபோது ‘எனக்குப் படிக்கத் தெரியாதும்மா’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. சிரித்திருப்பார்கள். மாமா ஒரு வாரம் கேலி பண்ணியிருப்பார். அவ்வளவுதானே, தலையா போய்விடும்? போன் எடுத்துப் போட்டோ பிடித்தால் அதுவே மொழிபெயர்த்துக் கொடுக்கும், அதையாவது செய்திருக்கலாம். ஆனால் சீனாவைக் குடித்தவன் போனை எடுத்தால் மாமா என்ன நினைப்பார்? அதனால் தாளை வாங்கினான். கண்ணாடியைச் சரிபண்ணினான். விரலை வைத்து வரி வரியாக ஓட்டினான், அங்கங்கே ‘ம்’ கூடக் கொட்டினான். அந்த ‘ம்’ஐ நினைத்தால்தான் இப்போது பல்லைக் கடிக்கவேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று, பொய் சொல்லவில்லை, இதை வக்கீல் விடாமல் சொன்னான், பொய் சொல்லவில்லை யுவர் ஹானர். ஏனென்றால் கடைசிப் பத்தியில், ஒரு வரியின் தொடக்கத்தில், அவனுக்குத் தெரிந்த இரண்டு எழுத்து நிஜமாகவே இருந்தது. ஹெ-கெ. முதல் எழுத்து கூரை போட்ட வீட்டுக்குள்ளே சின்னப் பெட்டி வைத்தது போல, இரண்டாவது எழுத்தில் இடது பக்கம் ஒரு மரம். தினமும் ஐந்நூறு தடவை பார்க்கிற எழுத்து. தேறின டைல்ஸ் பெட்டி ஒவ்வொன்றிலும் அந்த முத்திரைதான் குத்தியிருக்கும், தரம் சரி, பாஸ், ஏற்றலாம். முழுத்தாளிலும் தெரியாத முகமாய் நின்ற கூட்டத்தில் அந்த இரண்டைக் கண்டதும் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம் வந்துவிட்டது அவனுக்கு. “பாஸ்னு போட்டிருக்கு” என்றான் சத்தமாக. “உடம்பு பரிசோதனையில பாஸ். தாராளமாப் போலாம்.” மாமா தொடையில் தட்டினார். இசக்கிமுத்து வாசலில் நின்றவன், “கேட்டியாட்டி? நான் சொன்னா நம்புதியா நீ!” என்று பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான். சந்தனமாரி சிரிக்கவில்லை. தாளை வாங்கி மடித்து, “அப்பம் சரிண்ணே” என்றாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் பெரிய மனுசத்தனமாக ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டான் சுயம்பு. அந்தப் போட்டோ இப்போது போனில் இருக்கிறது, போன் சட்டைப்பையில் இருக்கிறது.

பக்கத்து சீட்டு அம்மாள் பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தடித்த தோலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒரு சுளையை இவன் பக்கம் நீட்டினாள், ஏதோ சொன்னாள். “பூ யாவ்” என்றான் இவன், யோசிக்காமலே வாயில் வந்தது. வேண்டாம். ஒன்பது வருசத்தில் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான், கடைக்காரனிடம், டாக்ஸிக்காரனிடம், துண்டுக் காகிதம் நீட்டுகிறவர்களிடம். பூ என்றால் இல்லை, கூடாது. ஊரில் போன ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லித்தானே எல்லோரையும் சிரிக்க வைத்தான், அந்த ஊரில் பூ என்றால் இல்லை என்று அர்த்தம், பூ இருக்கா என்று கேட்டால் இல்லை இருக்கா என்று கேட்ட மாதிரி. பெண்கள் தலையில் இருந்த மல்லிகையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள், சந்தனமாரியும்தான். அந்தப் பூவுக்கும் ஒரு எழுத்து உண்டு. அதுவும் அவனுக்குத் தெரியும். தேறாத டைல்ஸ் பெட்டியில் குத்துகிற முத்திரையில் மூன்று எழுத்து இருக்கும், ஹெ-கெக்கு முன்னால் அது. பூ-ஹெ-கெ. ஃபெயில். ஏற்றக்கூடாது. அப்படியானால் நாற்பது வார்த்தையோடு மூன்று எழுத்தும் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம், பெரிய படிப்புத்தான். அம்மாள் மறுபடியும் சுளையை நீட்டினாள், பல் தெரியச் சிரித்தாள், வாங்கிக்கொண்டான். புளிப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் வாயில் கிடந்தது.

இந்தச் சீனக்காரர்கள் வரி முடிகிற இடத்தில் வார்த்தையை வெட்டிவிடுவார்கள், நமக்கு இருக்கிற மாதிரி வார்த்தைக்கு நடுவே இடமும் கிடையாது, ஒரு வார்த்தையில் ஒரு எழுத்து மேல்வரியின் கடைசியில் நிற்கும், மிச்சம் கீழ்வரியின் தொடக்கத்தில் இருக்கும். இது தெரியாதவன் ஏமாந்துபோவது சகஜம்தானே? யாரானாலும் ஏமாறுவான். அவன் கண் வரியின் தொடக்கத்தில் இருந்தது, மேல்வரிக் கடைசிக்கு ஏன் போகப்போகிறது? ஆகையால் பார்க்கவில்லை. சரி, பார்க்கவில்லை என்றால், சென்னை விமான நிலையத்தில் அந்தப் போட்டோவை மூன்று தடவை திறந்து, மூன்று தடவையும் பெரிதாக்காமலே மூடியது எதற்கு? பெரிதாக்கினால் என்ன இருக்கும் என்று தெரியாதவன் பெரிதாக்கியல்லவா பார்ப்பான்? தெரிந்தவன்தான் பயப்படுவான்.  ஜன்னலுக்கு வெளியே மேம்பாலம், அதற்கு மேல் இன்னொரு மேம்பாலம், ஈரத் துணி தொங்குகிற பால்கனிகள். நாளைக்குக் காலையில் லின்னிடம் காட்டலாம், அவள் படித்துச் சொல்வாள், ஏதாவது விவகாரமாக இருந்தால் அப்புறம் பேசிக்கொள்ளலாம். நாளைக்குக் காலையில் இசக்கி ரயிலில் இருப்பான். ரயிலில் இருந்தால் என்ன, போன் இல்லையா? ஏறினவனை இறங்கச் சொன்னால் கேட்பானா. வாட்ஸப் வேறு இந்த ஊரில் ஓடாது. அடேயப்பா, ஓடாதாமே! தினமும் காலையில் அம்மாவோடு வீடியோவில் பேசுகிறவன், தடையைத் தாண்டுவதற்கென்று ஒரு குறுக்குவழியைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறவன் சொல்லுகிறான் இதை. சற்றுமுன் அதில்தானே அம்மாவிடம் ‘இறங்கிட்டேம்மா’ என்று பேசினான்.

திங்கட்கிழமை இசக்கியும் அவனும் பஜார் வரைக்கும் நடந்து போனார்கள். பெரிய தூரமில்லை, ரயில் கேட் தாண்டி நாலு எட்டு. அதற்குள் இசக்கி இரண்டு இடத்தில் நின்றான். நின்று, போனை எடுத்து எதையோ பார்க்கிறவன் போலப் பார்த்தான். போனில் வெளிச்சம்கூட வரவில்லை, கறுப்புக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மேலுதடு வேர்த்திருந்தது. சுயம்பு பக்கத்திலேயே நின்றான். என்னடே செய்யுது என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அந்தத் தாளைப் பற்றிப் பேசவேண்டி வரும். அதனால் உப்பளத்தைப் பார்த்து, இந்த வருசம் வெயில் எப்படி என்று கேட்டான். வெட்கங்கெட்டவன். வெயில் எப்படி என்று! “நல்ல வெயில் அண்ணாச்சி, உப்பு நல்லா வெளையும்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னான் அந்த அப்பாவி. அதற்கு மறுநாள் சந்தனமாரி பருப்புப் பொடி கொண்டுவந்து கொடுத்தாள், ‘அந்த ஊர்ல என்னத்தத் திங்கியளோ’ என்று. இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கின கையை என்ன செய்வது?

ஒரு வழி இருக்கிறது. இப்போதே கூப்பிட்டு, இங்கே ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினேன், அவர் கப்பலுக்குப் போகவே கூடாது என்கிறார், நெஞ்சு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார் என்று சொன்னால்? காரியமும் நடக்கும், மானமும் தங்கும். இறங்கின கையோடு நமக்காக டாக்டரைத் தேடிப் போனானே என்று தெருவே மெச்சும், மாமா இன்னொரு தடவை தொடையில் தட்டுவார். இதுவும் உயிரைக் காப்பாற்றத்தானே, பொய்யானால் என்ன? இப்படி ஒரு யோசனை வந்ததும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது பாருங்கள், பம்பளிமாஸ் சுளைகூட இனித்தது. போனை எடுத்தான். முதலில் போட்டோவைத் திறந்தான். இந்தத் தடவை இரண்டு விரலால் விரித்தான். கூரை போட்ட வீடு, மரம். அதற்கு மேல்வரி, வரியோடு போய்க் கடைசியில் அந்தப் பூ. இருந்தது. அங்கேயேதான் இருந்தது, எங்கே போகும். குறுக்குவழியைத் திறந்து சந்தனமாரியின் எண்ணை அழுத்தினான். இசக்கிமுத்துதான் எடுத்தான்.

“அண்ணாச்சி! சேந்துட்டியளா? இருங்க, ஸ்பீக்கர்ல போடுதேன். தங்கப்பழம் மாமாவும் இங்கதான் இருக்காவ, என் சூட்கேஸுல ஜிப்பு போச்சு, கயிறு கெட்டுதாவ.”

“இசக்கி, கப்பலுக்குப் போகாத டே. அந்தத் தாள இங்க ஒரு பெரிய டாக்டர்ட்ட காட்டினேன். அவரு—”

“எப்பம் காட்டினிய? இப்பத்தான் ஏரோப்ளேன விட்டு எறங்கினேன்னு ஒங்க அம்மைட்ட சொன்னியளாம்?”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பை சரிந்தது, பிடித்துக்கொண்டான். 

“வெளங்கிட்டு அண்ணாச்சி” என்றான் இசக்கி, குரல் மாறிவிட்டது. “இவ சொல்லித் தந்தாளாக்கும்? என்னைய நிப்பாட்டணும்னு ஒங்க கால்ல விழுந்திருப்பா. அன்னைக்குப் பாஸுன்னு ஒங்க வாயாலதான சொன்னிய? ஒம்போது வருசம் அந்த ஊர்ல இருக்கிற மனுசன் தப்பாவா படிப்பிய?”

“நான் ஒண்ணும் சொல்லித் தரல” என்று சந்தனமாரியின் சத்தம் தூரத்தில் கேட்டது. “அவ கெடக்கா, பெட்டியக் கெட்டுங்க மாமா” என்றான் இசக்கி.

“எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது இசக்கி.”

இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டான். நாற்பது பேர் இருந்த பஸ்ஸில் ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது, பக்கத்து அம்மாள் மட்டும் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஸ்பீக்கரில் மூன்று பேர் கேட்டார்கள்.

“என்ன மருமவனே, வெளையாடுதியா?” என்றார் மாமா.

“இல்ல மாமா. பேசவும் வராது, படிக்கவும் வராது. டைல்ஸ் பெட்டியில போடுத மூணு எழுத்துதான் தெரியும். ரெண்டு எழுத்துன்னா பாஸ், அதுக்கு முன்னால இன்னொண்ணு நின்னா ஃபெயில். தாள்ல அது மேல்வரியில நிக்கி. மத்த என்ன எழுதியிருக்குன்னு எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனா ஃபெயிலுன்னு போட்டிருக்கு.” வேர்த்து ஊற்றியது. காது இரண்டும் சுட்டன. அம்மாவுக்கு இந்நேரம் யாராவது போய்ச் சொல்லியிருப்பார்கள், அல்லது இன்னும் பத்து நிமிசத்தில் சொல்லுவார்கள், அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் என்ன ஆகும் என்று நினைத்தான்.

 பிளாஸ்டிக் கவர் கசங்குவது கேட்டது. சந்தனமாரி போனை வாங்கியிருந்தாள்.

“தாள எடுத்து வச்சிட்டேன். அந்த எழுத்து எப்பிடி இருக்கும்? சொல்லுங்க, நானே பாத்துக்கிடுதேன்.”

சொன்னான். கடைசிப் பத்தி, கீழே இருந்து நாலாவது வரி, வலது கைப் பக்கம் கடைசி. மேலே படுத்தாற்போல ஒரு கோடு. அதன் நடுவிலிருந்து கீழே நேராக ஒன்று. இடது பக்கம் சாய்வாக ஒன்று இறங்கும், வலது பக்கம் ஒரு சின்ன இழுப்பு.

“இருக்கு” என்றாள். அப்புறம், “நல்லாத் தெரியுதுண்ணே. படிக்கத் தெரியாத எனக்கே தெரியுது” என்றாள்.

தொடையில் குத்திய ஹார்லிக்ஸ் பாட்டிலை மறுபடியும் நகர்த்தி வைத்தான்.

“அன்னைக்கு வெரல வச்சுத்தான படிச்சிய. வெரலு இந்த எடத்துக்கு வந்துச்சு. இந்த எடத்துல செத்த நேரம் நின்னுச்சு. நான் ஒங்க வெரலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அப்பம் பாத்தியளா, இல்லையா?”

வக்கீல் எழுந்து நின்றான், வாயைத் திறந்தான். சுயம்புலிங்கம் அவனை உட்காரச் சொன்னான்.

“பாத்தேன் சந்தனமாரி.”

அவள் வையவில்லை, அழவில்லை, போனைக் கட் பண்ணவுமில்லை. மறந்துபோனவள் போல அதை எங்கேயோ கீழே வைத்தாள். “மாமா, அந்தக் கயித்த அவுருங்க” என்று அவள் சொல்வது கேட்டது, பிறகு இசக்கியின் பேரைச் சொல்லி ஏதோ மெதுவாகப் பேசுவது. இவனிடம் அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.